ஃப்ரீ வரி இருந்தும் விடுபடாத டேட்டா செட்

பல ஆண்டுகளுக்கு முன், நள்ளிரவு தாண்டிய நேரத்தில், மெயின்ஃபிரேம் என்ற பெருங்கணினியின் இயக்க அறையிலிருந்து எனக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. மாத இறுதி ஓட்டத்தின் முதல் பேட்ச் ஜாப், அதாவது ஆளில்லாமல் தானே ஓடும் வேலை, 40 நிமிடங்களாகத் தொடங்காமலே நிற்கிறது, கன்சோலில் ஐஇஎஃப்861ஐ, ஐஇஎஃப்863ஐ என்ற இரு செய்திகள் வந்திருக்கின்றன, ஜாப் கேட்கும் டேட்டா செட், அதாவது கோப்பு, கிடைக்கவில்லை என்று அவை சொல்கின்றன என்றார் ஆப்பரேட்டர். அதை யார் பிடித்திருக்கிறார்கள் என்று அவர் பூட்டுகளைக் காட்டும் ஜிஆர்எஸ் கட்டளையால் கேட்டுப் பார்த்திருந்தார். விடையாக வந்தது என்னுடைய பயனர் ஐடி. "சார், உங்க ஐடிதான் பிடிச்சிட்டிருக்கு, கேன்சல் பண்ணிடட்டுமா?" என்று கேட்டார். பண்ணுங்கள் என்றேன். என் டிஎஸ்ஓ அமர்வு, அதாவது முனையத்திலிருந்து கட்டளைகள் தந்து வேலை செய்யும் அமர்வு, ரத்தானதும் ஜாப் தொடங்கிவிட்டது. எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை.

அந்த டேட்டா செட்டைத் தொடுகிற என் ஸ்கிரிப்ட் ஒன்றே ஒன்றுதான். ரெக்ஸ் மொழியில் நான் எழுதிய எக்செக், அதாவது கட்டளை நிரல். அதன் கடைசி வரிகளில் டேட்டா செட்டை விடுவிக்கும் ஃப்ரீ கட்டளை இருந்தது என்பதும் எனக்கு உறுதியாக நினைவிருந்தது. மறுநாள் காலை முதல் வேலையாக அதைத் திறந்து பார்த்தேன். வரி இருந்தது, எழுத்துப்பிழையும் இல்லை. பிறகு ஏன் விடவில்லை என்ற கேள்விக்கு விடை தேடிய அந்த ஒரு வாரத்தில், ஒதுக்கீட்டையும் விடுவிப்பையும் பற்றி அதுவரை எனக்குத் தெரியும் என்று நான் நினைத்திருந்தவற்றில் பாதி அரைகுறை என்று தெரிந்துகொண்டேன்.

மற்ற இயங்குதளங்களில் நிரல் எழுதிப் பழகியவர்களுக்கு மெயின்ஃபிரேமில் முதலில் பிடிபடாத இடம் இதுதான். அங்கே கோப்பைத் திறப்பது ஒரே செயல்: பெயரைச் சொன்னால் கிடைக்கும், மூடினால் போய்விடும். மெயின்ஃபிரேமின் இயங்குதளமான இசட்/ஓஎஸ்ஸில் அது இரண்டு தனித்தனிச் செயல்கள். முதலில் ஒதுக்கீடு, அதன் பிறகே திறப்பு. முடிக்கும்போது முதலில் மூடல், அதன் பிறகே விடுவிப்பு. ஒதுக்கீடு நடக்கும்போது, எட்டு எழுத்துக்குள் அடங்கும் ஒரு டிடி பெயர், 44 எழுத்து வரை நீளக்கூடிய டேட்டா செட் பெயரோடு முடிச்சுப் போடப்படுகிறது. நிரலோ எக்செக்கோ பார்ப்பது டிடி பெயரை மட்டும்தான். அதே நேரத்தில், அந்த டேட்டா செட்டின் பெயரில் ஒரு என்க்யூ, அதாவது பூட்டு, என் அமர்வின் கணக்கில் எழுதப்படுகிறது. ஷேர் என்று கேட்டிருந்தால் பகிர்வுப் பூட்டு. ஓல்டு, மாட், நியூ ஆகியவற்றில் எதைக் கேட்டிருந்தாலும் தனியுரிமைப் பூட்டு. விடுவிக்கும்போது அந்த டேட்டா செட்டை வைத்துக்கொள்வதா, அழிப்பதா, கேட்டலாக் என்ற பெயர்ப்பட்டியலில் சேர்ப்பதா என்ற முடிவும் அப்போதே குறித்து வைக்கப்படுகிறது.

கோப்பைத் திறப்பதற்கும் மூடுவதற்கும் இந்தப் பூட்டோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஒரு முறைகூடத் திறக்காத டேட்டா செட்டை நான் நாள் முழுக்கப் பூட்டி வைக்க முடியும். திறந்து மூடிய பிறகும் பூட்டு அப்படியே இருக்கும். ஷேர் என்று கேட்டுவிட்டால் யாருக்கும் தொல்லையில்லை என்ற நம்பிக்கையும் தவறானது. ஷேர் கேட்கும் மற்றவர்களுக்குத்தான் தொல்லையில்லை. ஓல்டு கேட்கும் ஒரு பேட்ச் ஜாப் வந்தால், ஒரே ஒருவர் ஷேரில் பிடித்திருந்தாலும் அது காத்திருக்கத்தான் வேண்டும். டிஎஸ்ஓவில் திரைகள் வழியாக வேலை செய்ய உதவும் ஐஎஸ்பிஎஃப்பின் எடிட்டரில், டேட்டா செட்டின் உட்பகுதியான ஒரு மெம்பரைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனவர்களால் நின்ற ஜாப்கள் எத்தனையோ.

ஸ்கிரிப்ட் முடிந்ததும் இவையெல்லாம் தாமாகவே விடுபடாதா என்று புதிதாகச் சேர்பவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, விடை டிஎஸ்ஓ அமர்வு என்பது உண்மையில் என்ன என்பதில் இருக்கிறது. பேட்ச் ஜாப்பில் ஒரு ஸ்டெப், அதாவது ஒரு நிரலின் ஓட்டம், முடியும்போது அதன் டிடிக்களை இயங்குதளமே விடுவித்துவிடுகிறது. டேட்டா செட்டின் பூட்டும், அதைப் பயன்படுத்தும் கடைசி ஸ்டெப் முடிந்ததும் போய்விடுகிறது. டிஎஸ்ஓ அமர்வும் ஒரு ஜாப்தான், லாகான் ப்ரொசீஜர் என்று நாம் சொல்வது அதன் ஜேசிஎல், அதாவது ஜாப்பை விவரிக்கும் வரிகள். ஆனால் அந்த ஜாப்பில் இருப்பது ஒரே ஒரு ஸ்டெப், அது ஓட்டுவது டெர்மினல் மானிட்டர் என்ற ஒரே நிரல். காலையில் லாகான் செய்தபோது தொடங்கிய அந்த ஸ்டெப் மாலையில் லாகாஃப் செய்யும்போதுதான் முடிகிறது. இடையில் நான் ஓட்டும் நூறு எக்செக்குகளும் அந்த ஒரே ஸ்டெப்பின் வயிற்றுக்குள் நடப்பவை. எக்செக் முடிவது ஸ்டெப் முடிவது ஆகாது. ஆகவே, அலொகேட் கட்டளையால் எடுத்தது, ஃப்ரீ கட்டளையால் விடும் வரையோ லாகாஃப் வரையோ அமர்வின் கையில்தான் இருக்கும்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு சிறு வரலாறும் உண்டு. 1971-இல், இசட்/ஓஎஸ்ஸின் முன்னோடியான எம்விடி காலத்தில், டிஎஸ்ஓ வந்தபோது, ஓட்டத்தின் நடுவே டேட்டா செட் ஒதுக்குவது என்பதே புது எண்ணம். அதற்கு லாகான் ப்ரொசீஜரில் டைனாம் என்ற வெற்று டிடி வரிகளை முன்கூட்டியே எழுதி இடம் பிடித்து வைக்க வேண்டியிருந்தது. பின்னர் வந்த எம்விஎஸ்ஸில் அந்த வேலையை எஸ்விசி 99 என்ற இயங்குதளச் சேவை ஏற்றுக்கொண்டது. இன்றைக்கும் அலொகேட், ஃப்ரீ இரண்டுமே உள்ளே போய்ச் சேருமிடம் அதுதான்: ஒதுக்குவதற்கு வெர்ப் கோடு 01, விடுவிப்பதற்கு 02. டைனாம் வரி இன்றும் ஜேசிஎல் இலக்கணத்தில் இருக்கிறது. மெயின்ஃபிரேமில் எதுவும் சாவதில்லை என்பதற்கு நான் காட்டும் சான்றுகளில் அதுவும் ஒன்று.

ஃப்ரீ கட்டளையின் இலக்கணம் எளிது. ஃபைல் அல்லது டிடிநேம் என்ற சொல்லோடு டிடி பெயரைத் தரலாம், டேட்டாசெட் அல்லது டிஎஸ்நேம் என்ற சொல்லோடு டேட்டா செட் பெயரைத் தரலாம், ஆல் என்று சொல்லி மொத்தமாகவும் விடலாம். கட்டளைக்கு அன்அலாக் என்று இன்னொரு பெயரும் உண்டு. டெஸ்ட் என்ற பிழைதேடும் கட்டளைக்குள் ஃப்ரீ என்றால் நினைவகத்தை விடும் ஃப்ரீமெயின் என்று பொருளாகிவிடும் என்பதால் அங்கே பயன்படுத்துவதற்காக வைத்த பெயர் அது. நான் பார்த்த ஸ்கிரிப்ட்களில் அதை எழுதியிருந்தவர் ஒருவர்தான், அவரும் ஃப்ரீ என்ற சொல் பிடிக்காததால்தான் அப்படி எழுதினார் என்று நினைக்கிறேன்.

இந்த மூன்று வழிகளில் நான் டிடி பெயரை மட்டுமே பயன்படுத்துகிறேன். டேட்டா செட் பெயரைத் தந்தால், அமர்வில் அந்த டேட்டா செட்டோடு முடிச்சுப் போட்டிருக்கும் டிடிக்கள் எல்லாமே விடுபடக்கூடும். நான் எடுத்தது அவற்றில் ஒன்று மட்டும். மற்றது என்னை அழைத்த இன்னொரு எக்செக் எடுத்ததாக இருக்கலாம். மேற்கோள் குறித் தொல்லையும் இருக்கிறது. பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் வைக்காவிட்டால் டிஎஸ்ஓ என் ப்ரிஃபிக்ஸை (வழக்கமாக என் பயனர் ஐடியை) முன்னால் ஒட்டிவிடும். ரெக்ஸிலோ கட்டளை முழுவதுமே இரட்டை மேற்கோளுக்குள் இருக்க, உள்ளே ஒற்றை மேற்கோள் வர வேண்டும். ஒதுக்கும்போது ஒரு முறை சரியாக எழுதிவிட்டு விடுவிக்கும்போது மேற்கோளைத் தவறவிட்டால், வேறொரு பெயரை விடச் சொல்லிக்கொண்டிருப்போம், பூட்டு இருந்த இடத்திலேயே இருக்கும். ஆல் என்பதைப் பற்றி என் கருத்து கடுமையானது: ஸ்கிரிப்டுக்குள் அதற்கு இடமே இல்லை. நான் ஒதுக்கியது எது, லாகான் நேரத்தில் நிறுவனத்தின் எக்செக் ஒதுக்கியது எது என்ற வேறுபாடு அதற்குத் தெரியாது. ஓட்டத்தின் நடுவே ஒதுக்கப்பட்டு, அந்த நேரத்தில் திறந்திராத அனைத்தும் போகும். ரெடி என்ற சொல் மட்டும் திரையில் நிற்க, அடுத்த கட்டளைக்கு நூலகங்களைத் தேட வேண்டியிருக்கும்.

என் ஸ்கிரிப்டுக்குத் திரும்புகிறேன். ஃப்ரீ வரி இருந்தும் விடவில்லை என்றால், அந்தக் கட்டளை ஓடித் தோற்றிருக்க வேண்டும் என்பது என் முதல் ஐயம். ஃப்ரீ வென்றால் ரிட்டர்ன் கோடு, அதாவது முடிவைச் சொல்லும் எண், 0, தோற்றால் 12. தோற்பதற்கு அடிக்கடி வரும் காரணங்கள் இரண்டு. ஒன்று, அந்த டிடி பெயரே ஒதுக்கப்படவில்லை என்பது; அதைச் சொல்வது ஐகேஜே56247ஐ. மற்றொன்று, டேட்டா செட் இன்னும் திறந்திருக்கிறது என்பது, அது ஐகேஜே56861ஐ. முதலாவது பெரும்பாலும் தீங்கற்றது. இரண்டாவது அப்படியல்ல, பூட்டு விடுபடவில்லை என்பதையே அது அறிவிக்கிறது.

ரெக்ஸில் டேட்டா செட்டைத் திறக்கவோ மூடவோ தனிக் கட்டளை கிடையாது. படிப்பதும் எழுதுவதும் எக்செக்ஐஓ கட்டளையால். முதல் முறை படிக்கும்போது அதுவே திறந்துகொள்கிறது. மூட வேண்டும் என்றால் ஃபினிஸ் என்ற சொல்லை நாம் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் அடுத்த எக்செக்ஐஓ விட்ட இடத்திலிருந்து தொடரட்டும் என்று திறந்தபடியே வைத்திருக்கும். மேல்நிலை எக்செக் முடியும்போதுதான் மூடும். இதன் விளைவு வேடிக்கையானது. எக்செக்கின் கடைசியில் ஃப்ரீ வரி ஓடும் நேரத்தில் டேட்டா செட் திறந்திருக்கிறது, ஆகவே ஃப்ரீ தோற்கிறது. அதற்கு அடுத்த நொடி எக்செக் முடிகிறது, டேட்டா செட் மூடப்படுகிறது. விடுவிக்க இப்போது தடையில்லை, ஆனால் விடுவிக்கச் சொல்ல ஆளில்லை. பழைய சிலிஸ்ட் மொழியில் எழுதியவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அங்கே ஓபன்ஃபைல், கெட்ஃபைல், க்ளோஸ்ஃபைல் என்று மூன்றும் தனித்தனி வரிகள் என்பதால், மூட மறந்தது கண்ணில் படும். ரெக்ஸில் அது அடைப்புக்குறிக்குப் பின்னால் வரும் ஒற்றைச் சொல்.

என் ஸ்கிரிப்டில் வாசிக்கும் இடத்தில் ஃபினிஸ் இருந்தது. பத்து பத்து வரியாகப் படிக்கும் துணை வழியொன்றில் இல்லை. கோப்பின் முடிவு வரும் முன்பே அந்தச் சுழலிலிருந்து வெளியேறினால் மூடாமலே ஃப்ரீயை அடைவோம். கண்டுபிடித்துவிட்டேன் என்று மகிழ்ந்து, பூஜ்ய வரிகளைப் படித்து ஃபினிஸ் மட்டும் செய்யும் எக்செக்ஐஓ ஒன்றை ஃப்ரீக்கு முன்னால் சேர்த்தேன். பிறகு அந்தத் துணை வழி வேறு அளவுருவோடு அழைத்தால் மட்டுமே ஓடும் என்பதும், அழைப்பு வந்த நாள் மாலை ஸ்கிரிப்டை ஓட்டியபோது நான் அப்படி அழைக்கவில்லை என்பதும் நினைவுக்கு வந்தன. உண்மையான பிழை ஒன்றைத் திருத்தியிருந்தேன். தேடிய பிழை அதுவல்ல.

ஃப்ரீ தோற்றிருந்தால் திரையில் செய்தி வந்திருக்குமே, அதை நான் பார்க்கவில்லையே என்ற கேள்விக்கு விடை வெட்கப்பட வைத்தது. ஸ்கிரிப்டின் முதல் வரியில், செய்திகளை அணைக்கும் எம்எஸ்ஜி ஆஃப் என்று எழுதியிருந்தேன். அது அக்காலத்தில் பரவலாக இருந்த வழக்கத்தின் மிச்சம். எக்செக்கின் தொடக்கத்திலேயே, முந்தைய ஓட்டம் எதையாவது விட்டுவைத்திருந்தால் போகட்டும் என்று, ஒதுக்காத டிடிக்கே ஒரு ஃப்ரீ கொடுப்பார்கள். ஒதுக்கப்படவில்லை என்ற செய்தி பயனரை மிரட்டாதிருக்கச் செய்திகளை அணைத்துவிடுவார்கள். அணைத்ததைத் திரும்பப் போட மறந்துவிடுவார்கள். அதன் பிறகு தீங்கற்ற செய்தியும் தீங்கான செய்தியும் ஒன்றுபோல மௌனமாகிவிடும். அலொகேட் கட்டளையில் ரீயூஸ் என்ற சொல்லைச் சேர்த்தால் பழைய ஒதுக்கீட்டை அதுவே விடுவித்துவிட்டுப் புதியதைப் போடும், முன்கூட்டிய ஃப்ரீ தேவையே இல்லை. ரீயூஸ் இல்லாமல், பயன்பாட்டில் இருக்கும் டிடி பெயருக்கு மறுபடி ஒதுக்கக் கேட்டால் ஐகேஜே56246ஐ வந்து நிற்கும். அது நல்ல செய்தி, மறைக்கக் கூடாதது. இன்று நான் செய்வது, ஃப்ரீயை அவுட்ட்ராப் போட்டு ஓட்டி, செய்திகளை ஒரு ஸ்டெம்முக்குள், அதாவது எண்ணிட்ட மாறிகளின் தொகுப்புக்குள், பிடித்து, ரிட்டர்ன் கோடு 0 இல்லையென்றால் மட்டும் திரையில் காட்டுவது.

அடுத்த ஐயம், ஃப்ரீ வரியை எக்செக் அடையவே இல்லையோ என்பது. நேர்வழியின் கடைசியில் எழுதிய விடுவிப்பு நேர்வழியில் போனால்தான் ஓடும். நடுவில் ஒரு மாறியின் பெயர் தப்பாகி இலக்கணப் பிழை வந்தால், அட்டென்ஷன் விசையை அழுத்தி எச்ஐ என்று பயனர் நிறுத்தினால், நானே அவசரத்தில் எழுதிய எக்ஸிட் ஒன்று குறுக்கே வந்தால், வரி அங்கேயே இருக்கும், ஓடாது. ரெக்ஸில் இதற்கு சிக்னல் ஆன் என்ற பொறி இருக்கிறது: சின்டாக்ஸ், ஹால்ட், எரர், ஃபெய்லியர், நோவேல்யூ என்று ஒவ்வொரு நிலைக்கும் ஒரு லேபிளுக்குத் தாவச் சொல்லலாம். எல்லா வழிகளும் கடைசியில் ஒரே துப்புரவு லேபிளில் சென்று சேர வேண்டும், எடுத்தவற்றின் டிடி பெயர்களை ஒரு மாறியில் சேர்த்துக்கொண்டே வந்து அங்கே ஒவ்வொன்றாக விட வேண்டும். துப்புரவின்போதே ஃப்ரீ 12 கொடுத்தால் எரர் பொறி மறுபடி தாக்கி முடிவில்லாத சுழலாகிவிடாதா என்று நான் அஞ்சியதுண்டு. சிக்னல் பொறி ஒரு முறை தாக்கியதும் தானே அணைந்துவிடும், அந்த அச்சம் தேவையற்றது. தேவையான எச்சரிக்கை வேறு. குறிப்பிட்ட எண்ணிக்கையில் வரிகளைக் கேட்டுப் படிக்கும் எக்செக்ஐஓ, அதற்குள் கோப்பு முடிந்துவிட்டால் ரிட்டர்ன் கோடு 2 தருகிறது. அது பிழையல்ல, ஆனால் எரர் பொறிக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஆகவே நான் எரர் பொறியைப் போடுவதில்லை. மற்றவற்றைப் போட்டு, ரிட்டர்ன் கோடுகளைக் கையால் சோதிக்கிறேன்.

இதையும் சேர்த்தேன். ஸ்கிரிப்ட் முன்பைவிட நன்றாகவே ஆனது. ஆனால் அன்று மாலை எந்தப் பிழைச் செய்தியும் வந்ததாக எனக்கு நினைவில்லை.

இடையில், இந்தத் தேடலின் வேகத்தில், இன்னொரு குளறுபடியையும் நானே உண்டாக்கினேன். என் எக்செக், டேட்டா செட்களைப் பராமரிக்கும் ஐடிகேம்ஸ் நிரலை அழைக்கும் இடத்தில் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்குமாக சிஸ்இன், சிஸ்ப்ரின்ட் என்ற இரு டிடிக்களை எடுக்கிறது. எடுத்ததை விட வேண்டும் என்ற புதிய ஒழுக்கத்தோடு இரண்டையும் கடைசியில் விடுவித்தேன். இவை இரண்டும் லாகான் நேரத்திலேயே டெர்மினலுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் பெயர்கள். ரீயூஸ் போட்டு எடுத்தபோதே அந்தப் பழைய முடிச்சு போய்விட்டது. நான் விடுவித்ததோடு டிடியே இல்லாமல் போனது. அடுத்து ஓடிய, என்னுடையதல்லாத ஒரு கருவி சிஸ்ப்ரின்ட் இல்லை என்று விழுந்தது. இத்தகைய பெயர்களை விடுவித்த கையோடு டெர்மினலைக் குறிக்கும் நட்சத்திரத்துக்கு மறுபடி ஒதுக்கிவைப்பதுதான் முறை. டிடி பெயர்கள் அமர்வு முழுவதற்கும் பொது என்பதை இங்கேதான் உணர்ந்தேன். ஐஎஸ்பிஎஃப்பில் திரையை இரண்டாகப் பிரித்து ஒரே எக்செக்கை இரண்டு பக்கமும் ஓட்டினால், இரண்டும் ஒரே டிடி பெயருக்கு மோதும். ரீயூஸ் இருந்தால் இரண்டாவது முதலாவதின் முடிச்சை அவிழ்த்துவிட்டுத் தன்னுடையதைப் போட்டுக்கொள்ளும். என் சொந்த வேலைகளுக்கு இப்போது பிபிஎக்ஸ்டபிள்யூடைன் என்ற செயல்கூறு வழியாக ஒதுக்குகிறேன். டிடி பெயரைத் தானே உண்டாக்கி ஒரு மாறியில் போட்டுத் தரும்படி அதைக் கேட்கலாம். யாரோடும் மோதாத பெயர், விடுவிக்கும்போது யாருடையதையும் விடுவிக்காத பெயர்.

விடாமல் சேர்ந்துகொண்டே போகும் ஒதுக்கீடுகளுக்கு எல்லையும் உண்டு. ஒவ்வொன்றும் டிஐஓடி என்ற அட்டவணையில் இடம் பிடிக்கிறது. அதன் அளவு 32கே என்றால் ஒற்றை யூனிட் (ஒரே சாதனம் கேட்கும்) டிடிக்கள் 1635 வரை, 64கே என்றால் 3273 வரை. ஒவ்வொரு சுற்றிலும் புது டிடி பெயரில் எடுத்து விட மறந்த ஒரு சுழல் இந்த எல்லையில் போய் முட்டுவதை ஒரு முறை பார்த்திருக்கிறேன். அமர்வில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்க லிஸ்ட்ஏஎல்சி கட்டளையை ஸ்டேட்டஸ் என்ற சொல்லோடு தரலாம். ஐஎஸ்பிஎஃப்புக்குள் என்றால் ஐஎஸ்ஆர்டிடிஎன் என்ற கருவி இன்னும் வசதி, டேட்டா செட்டை வேறு யார் பிடித்திருக்கிறார்கள் என்பதையும் அதன் என்க்யூ திரை காட்டும். ரெக்ஸில் சிஸ்டிஎஸ்என் என்று ஒரு செயல்கூறு இருக்கிறது. இந்தப் பூட்டுகளின் முதற்பெயரும் சிஸ்டிஎஸ்என்தான் என்பதால், அது பூட்டைப் பற்றிச் சொல்லும் என்று நினைத்துவிடக் கூடாது. ஓகே என்று அது சொன்னால் அப்படி ஒரு டேட்டா செட் இருக்கிறது என்று பொருள், கேட்டால் கிடைக்கும் என்பதல்ல.

விடுவிக்கும் தருணத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதிகம் பேசப்படாதது. ஃப்ரீ கட்டளையில் டெலிட், கீப், கேட்டலாக், அன்கேட்டலாக் என்று சேர்த்து, ஒதுக்கும்போது குறித்த முடிவை மாற்றலாம். தற்காலிக வேலைக்காக உண்டாக்கிய டேட்டா செட்டை, வேலை சரியாக முடிந்தால் அழித்தும், முடியாவிட்டால் ஆராய்வதற்காக வைத்தும் விடுவிக்க இது உதவும். சிஸ்அவுட் என்ற அச்சு வெளியீட்டுக்கு ஒதுக்கிய டிடியை விடுவிப்பது, அந்த வெளியீட்டை அமர்வு முடியும் வரை காத்திருக்க வைக்காமல் உடனே அச்சு வரிசைக்கு அனுப்புவதும் ஆகும்.

இனி அந்த மாலைக்கு வருகிறேன். ஒரு வாரத்துக்குப் பின், ஸ்கிரிப்டைத் திருத்துவதை நிறுத்திவிட்டு அதை ஓட்டிப் பார்த்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. அதன் வேலை, மாத இறுதி ஓட்டம் படிக்கும் அளவுரு டேட்டா செட்டில் ஒரு வரியை மாற்றுவது. தொடக்கத்தில் ஓல்டில் ஒதுக்கியது, எல்லா வரிகளையும் ஸ்டெம்முக்குள் படித்தது, மாறப்போகும் வரியைத் திரையில் காட்டியது, "மாற்றலாமா? ஆம் அல்லது இல்லை" என்று கேட்டு, புல் கட்டளையில் விடைக்காகக் காத்து நின்றது. நான் விடை தராமல் இன்னொரு ஜன்னலில் ஐஎஸ்ஆர்டிடிஎன் போட்டுப் பார்க்க முயன்றேன். அதே அமர்வு என்பதால் முடியவில்லை. பக்கத்து இருக்கைக்காரரின் அமர்விலிருந்து பார்த்தேன். என் ஐடி, தனியுரிமைப் பூட்டு.

அன்று மாலை நான் செய்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஸ்கிரிப்டை ஓட்டினேன், கேள்வி வந்தது, மாற்றப்போகும் மதிப்பு சரிதானா என்ற ஐயத்தில் ஒருவரைக் கேட்டு வரலாம் என்று எழுந்தேன். அவர் இருக்கையில் இல்லை. நாளை கேட்டுக்கொள்ளலாம் என்று முனையத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். ரத்தான அமர்வோடு அந்தத் திரையும் போய்விட்டதால் காலையில் அதை நினைவூட்ட எதுவும் மிஞ்சவில்லை. நெடுநேரம் அசையாமல் இருக்கும் அமர்வை இயங்குதளமே எஸ்522 என்ற பிழைக் குறியீடு கொடுத்து வீழ்த்தியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் குழுவின் லாகான் ப்ரொசீஜரில் டைம் 1440 என்று எழுதியிருந்தார்கள். ஒரு நாளின் நிமிடக் கணக்கான அந்த எண்ணுக்கு ஜேசிஎல்லில் நேர எல்லையே இல்லை என்று பொருள், காத்திருப்பு எல்லையும் அதில் அடங்கிப் போகும். யாரும் அதை எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆக ஃப்ரீ தோற்கவுமில்லை, தவறவுமில்லை. இன்னும் அதன் முறை வரவில்லை, அவ்வளவுதான். பொறிகளும் ஃபினிஸும் இந்த நிலையைத் தொடவே தொடாதவை, ஏனென்றால் எந்தப் பிழையும் நடக்கவில்லை. எக்செக் நான் எழுதியபடியே, கேள்வி கேட்டுவிட்டுப் பொறுமையாக நின்றிருந்தது. விடுவிக்கும் வரியை இன்னும் கீழே, இன்னும் பாதுகாப்பான இடத்தில் வைப்பது பற்றியே ஒரு வாரம் யோசித்தேன். ஒதுக்கும் வரி எங்கே இருக்கிறது என்று ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

திருத்தம் எழுதுவது நான் நினைத்த அளவு எளிதாக இல்லை. ஷேரில் ஒதுக்கி, படித்து, மூடி, உடனே விடுவித்துவிட்டுக் கேள்வி கேட்பது முதல் பாதி. மனிதன் யோசிக்கும் நேரத்தில் கையில் எந்தப் பூட்டும் இல்லை, ஷேர்கூட இல்லை. ஆம் என்று விடை வந்த பிறகு ஓல்டில் ஒதுக்கி எழுத வேண்டும். ஆனால் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் வேறொருவர் அதே டேட்டா செட்டை மாற்றியிருக்கலாம். நான் பழைய ஸ்டெம்மை அப்படியே எழுதினால் அவருடைய மாற்றம் சுவடின்றிப் போய்விடும். முன்பிருந்த முட்டாள்தனமான நீண்ட பூட்டு, வேறெதற்காக இல்லாவிட்டாலும் இதற்காகவாவது பயன்பட்டுக்கொண்டிருந்தது. ஆகவே ஓல்டில் எடுத்தவுடன் மறுபடி முழுவதையும் படித்து, முதலில் படித்த ஸ்டெம்மோடு வரி வரியாக ஒப்பிட்டு, ஒன்று மாறியிருந்தாலும் எழுதாமல் விடுவித்துவிட்டு, மறுபடி தொடங்கச் சொல்லும் பகுதியைச் சேர்த்தேன். ஓல்டு கிடைக்காவிட்டால் காத்திருக்காமல், யாரோ பிடித்திருக்கிறார்கள் என்று சொல்லி முடிந்துவிடும். ஒதுக்கீட்டுக்கும் விடுவிப்புக்கும் நடுவே இப்போது மனிதன் இல்லை, படிப்பதும் ஒப்பிடுவதும் எழுதுவதும் மட்டுமே.

அடுத்த மாத இறுதியன்று மாலை, ஸ்கிரிப்டை ஓட்டி, கேள்வி வந்ததும் வேண்டுமென்றே விடை தராமல் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். போகும் முன் ஆப்பரேட்டரிடம் சொல்லியும் வைத்திருந்தேன். இரவு அழைப்பு எதுவும் வரவில்லை. காலையில் வந்து பார்த்தபோது ஜாப் உரிய நேரத்தில் முடிந்திருந்தது. என் திரையில் அந்தக் கேள்வி இன்னும் நின்றிருந்தது. இல்லை என்று விடையளித்து வெளியேறினேன்.